தண்ணீர் குடிக்காத பிள்ளைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
28.06.2024

ரஞ்சிதம்,

ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பைத் தரட்டும், நல்ல புத்தியையும் சேர்த்துத் தரட்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். உன் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் போடு. என் முழங்கால் வழக்கம்போல. சர்க்கரை நேற்றுக் கூடியிருக்கும், அளந்து பார்க்கவில்லை. காரணம் நீ.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவளுக்கு எதற்குத் தபால் என்று நினைப்பாய். போனில் பேசினால், "அக்கா, ஒரு பேரண்ட் வந்திருக்காங்க" என்று வைத்துவிடுவாய். வாட்ஸப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், அதோடு சரி. பஸ் ஏறி ராஜபாளையம் வந்தால் காபி கொடுத்து வாயை அடைப்பாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

பள்ளித் தலைவி தேர்தலில் ஓட்டு எண்ணும்போது, பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்காத பழைய மாணவி ஒருத்தி சாட்சியாக உட்கார வேண்டும். இது நாம் படித்த காலத்துக்கும் முன்னால், மதர் யூஜினி வைத்த வழக்கம். பதினோரு வருடமாக அந்த நாற்காலி என்னுடையது. இந்த ஜூன் பத்தொன்பதாம் தேதியும் நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் நான் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு பாண்டிசெல்விக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு. அதே வகுப்பு அனுக்ரஹாவுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று. தாளில் என் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை நீயே அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாய்.

நேற்று பதவியேற்பு விழாவில் முதல் வரிசையில் என்னை உட்கார வைத்துவிட்டு, மைக்கில் "பள்ளித் தலைவி, அனுக்ரஹா" என்கிறார்கள். முதலில் பாண்டிசெல்விக்குக் காய்ச்சலோ என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எட்டாவது வரிசையில் சாதாரணப் பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறாள். தோற்றவளைத் துணைத் தலைவியாக்குவோம், அந்தப் பதவிகூட அவளுக்கு இல்லை. ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் இருந்த மண்டபத்தில் ஒரு வகுப்பு அளவுக்குத்தான் கைதட்டல் கேட்டது. அனுக்ரஹா தலையைத் தூக்கவே இல்லை. தலைவிப் பட்டையை அணிவிக்க என்னைக் கூப்பிட்டீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கு முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னாயாமே. எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி யார் உன்னைக் கேட்டார்கள்?

அனுக்ரஹா மில் முதலாளி வீட்டுப் பிள்ளை என்பதாலா? அப்படி என்றால் அதை எழுது. என் கையெழுத்தை நீ குப்பையில் போட்டிருக்கிறாய். ஒரு வாரத்துக்குள் பதில் வேண்டும்.

பரிபூரணம் சூசைமாணிக்கம்

(முழுப் பெயரும் போட்டிருக்கிறேன். இது வீட்டுக் கடிதம் இல்லை.)


ராஜபாளையம்
06.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியன்னையின் ஆசீர் உங்களோடு இருக்கட்டும். என் பிரஷர் மட்டாக இருக்கிறது. உங்கள் சர்க்கரையை அளந்து எனக்கு எழுதுங்கள். சேத்தூர்ப் பக்கத்துத் தோப்பிலிருந்து சப்பட்டை மாம்பழம் வந்தது. டிரைவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கீற்றுக்கு மேல் வேண்டாம்.

அனுக்ரஹா வீட்டார் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இரண்டாவதாக வந்தவள், அவ்வளவுதான். ஓட்டு எண்ணிய மூன்றாம் நாள், ஜூன் இருபத்தொன்றாம் தேதி, பாண்டிசெல்வி ஒரு பெரிய ஒழுங்கீனத்துக்குக் காரணமாக இருந்தாள். தலைவியாக வேண்டியவளே அப்படி நடந்த பிறகு அவளிடம் பட்டையைக் கொடுக்க முடியாது. ஆசிரியைகள் கூடிப் பேசித்தான் முடிவு செய்தோம்.

உங்களுக்குச் சங்கடம் நேர்ந்ததற்கு வருந்துகிறேன். இதை இத்துடன் விட்டுவிடுங்கள் அக்கா.

ஜெபத்தில் உங்களை நினைக்கும்,
ரஞ்சிதம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
09.07.2024

ரஞ்சிதம்,

நலம். சர்க்கரை இருநூற்றுப் பத்து. மாம்பழம் நன்றாக இருந்தது, அதற்காக நீ சொல்வதை நம்பிவிட மாட்டேன்.

என்ன ஒழுங்கீனம் என்று எழுத உன் பேனாவில் மை இல்லையா? நானே உங்கள் பி.டி. டீச்சரைப் பிடித்துக் கேட்டேன். அவளும் பழைய மாணவிதானே, என் குரலைக் கேட்டாலே எழுந்து நிற்பாள். இடைவேளையில் நூற்றைம்பது பிள்ளைகள் உன் அறை வாசலில் வரிசையாக நின்றார்களாம். கையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எல்லாம் காலி, எல்லாம் தலைகீழ். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மணி அடித்ததும் கலைந்து போய்விட்டார்களாம். பாண்டிசெல்வி முதல் ஆளாக நின்றாள். எதற்காக என்று கேட்டால் டீச்சர் இருமுகிறாள்.

தண்ணீர் இல்லையா? போன வருடம்தானே சுத்திகரிக்கிற இயந்திரம் வைத்தீர்கள்? உன் அத்தான் முப்பது வருடம் நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவர். உயிரோடு இருந்தால் முதல் வேலையாக உன் தொட்டிமேல் ஏறிப் பார்த்திருப்பார்.

ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பெண் மேலும் எனக்குக் கோபம்தான். நாங்கள் படித்தபோது குறை இருந்தால் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மதரிடம் கொடுப்போம். வாசலை மறித்து நிற்பது கட்சிக்காரர்கள் வேலை. ஓட்டு வாங்கிய மூன்றாம் நாளே இப்படி என்றால் கண்டிக்க வேண்டியதுதான். கண்டிப்பது வேறு, பதவியைப் பறிப்பது வேறு. அவளை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல். எழுதினதும் பட்டையைக் கொடு. பட்டை அணிவிக்க நான் வருகிறேன்.

பரிபூரணம் சூசைமாணிக்கம்


ராஜபாளையம்
24.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இறைவன் உங்கள் காலுக்குச் சுகம் தரட்டும். பதில் தாமதமானதற்குக் காரணம், நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன்.

பாண்டிசெல்வியையும் அவள் அம்மா சுடலையம்மாளையும் கூப்பிட்டுப் பேசினேன். அந்த அம்மாள் சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இங்கே நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறவள். வேலை முடிந்து தலையில் பஞ்சோடு நேராக வந்திருந்தாள். "ஏட்டி, சிஸ்டர் கால்ல விழுந்துரு. படிப்புக் கெட்டுரும்" என்று அழுதாள். பிள்ளை அசையவில்லை. "தப்பு செஞ்சிருந்தா விழுவேம்மா" என்று மட்டும் சொன்னாள். மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்துவிட்டாள்.

என்ன கேட்டார்கள் என்பது முக்கியமில்லை அக்கா. கேட்ட விதம்தான் தவறு. நீங்களே அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

தங்கை,
ரஞ்சிதம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.07.2024

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி பாண்டிசெல்விக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தேர்தலன்று நூலகத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதான அம்மாள் நான்தான். உன் ஓட்டை எண்ணியவள். உன் விலாசத்தை உங்கள் பி.டி. டீச்சரிடம் வாங்கினேன்.

வாசலில் வரிசை கட்டி நின்றது தவறு என்பது என் எண்ணம். மன்னிப்புக் கேட்க மறுத்தது இன்னொரு தவறு. ஆனால் ஒரு பக்கத்தைக் கேட்டுத் தீர்ப்பு எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த வரிசை எதற்கு என்று உன் கைப்பட எழுது. நடந்ததை மட்டும் எழுது. அழுகை வேண்டாம். இடது பக்கம் ஓரம் விட்டு எழுது. விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் உள்ளே இருக்கிறது.

எஸ். பரிபூரணம்
பழைய மாணவியர் சங்கம்


சேத்தூர்
08.08.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் அம்மாவும் நலம். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஓரம் விட்டிருக்கிறேன்.

பள்ளியில் ஆயிரத்து நூற்று எண்பத்து மூன்று பேர் படிக்கிறோம். மைதானத்துக்குப் பின்னால் நான்கு பழைய கழிப்பறைகள் இருக்கின்றன. இரண்டுக்குக் கதவு இல்லை. இன்னொன்றில் தண்ணீர் வராது. மாடிப்படிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அறைகளுடன் புதிய கட்டடம் இருக்கிறது. உள்ளே டைல்ஸ், கண்ணாடி, கைகழுவ வரிசையாகக் குழாய். அது எப்போதும் பூட்டியிருக்கும். அது திறந்திருந்தால் அன்று யாரோ பெரியவர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். அன்றும் வாசலில் ஒரு டீச்சர் நிற்பார்கள், நாங்கள் போக முடியாது.

அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நான் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன், வீட்டுக்கு வர ஐந்தரை ஆகும். அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். எங்கள் வகுப்பில் ஒன்பது பேருக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரி போயிருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் பாதிப் பேர் லீவு. போன மார்ச்சில் தளவாய்புரத்திலிருந்து வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அடக்க முடியாமல் வகுப்பிலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அவள் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்காகத்தான் நான் தேர்தலில் நின்றேன். "கட்டடத்தைத் திறக்க வைப்பேன்" என்று மட்டும்தான் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன். அதற்கு விழுந்த ஓட்டுகளைத்தான் தாங்கள் எண்ணினீர்கள்.

தாளில் எழுதித் தரவில்லை என்று தாங்கள் நினைக்கலாம். மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜெயித்த மறுநாள் ஒன்று. மூன்றாவது முறை சிஸ்டர் சொன்னது இது: "அதத் தொறக்க முடியாதும்மா. கொடுத்தவங்க கோவிச்சுக்குவாங்க." அதற்கு அடுத்த நாள்தான் பாட்டிலோடு நின்றோம். அனுக்ரஹா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வரிசையில் அவளும் கடைசி ஆளாக நின்றாள். சிஸ்டர் அவளைக் கவனிக்கவில்லை.

கொடுத்தவர் பெயர் வாசல் கல்லில் இருக்கிறது. அமரர் சூசைமாணிக்கம், சானிட்டரி இன்ஸ்பெக்டர், ஸ்ரீவில்லிபுத்தூர். அவர்கள் குடும்பம் யார் என்று எனக்குத் தெரியாது. தாங்களும் அந்த ஊர்தான் என்பதால் தெரிந்திருக்கலாம். தெரிந்தால், பூட்டு போடுவதற்காகவா கட்டிக் கொடுத்தார்கள் என்று என் சார்பில் அவர்களிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
மு. பாண்டிசெல்வி


ராஜபாளையம்
27.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அன்னை மரியாள் உங்களைக் காப்பாளாக. ஒரு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆகஸ்டு பதினைந்து மாதா திருநாளுக்கும் வரவில்லை. முதல் வரிசையில் உங்கள் நாற்காலியை எடுக்காமல் வைத்திருந்தேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. பங்குச் சாமியார் உங்களைத் தினமும் பூசையில் பார்ப்பதாகச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கோபம் தணிந்திருந்தால் எழுதுங்கள். தணியாவிட்டாலும் எழுதுங்கள்.

ரஞ்சிதம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
05.09.2024

ரஞ்சிதம்,

உன் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

அந்தப் பெண் எழுதிய கடிதத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், படி. அதைப் படித்த அன்று மத்தியானம் சோறு வைக்கவில்லை. உன் அத்தான் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கழிப்பறைக்கா கணவர் பெயரை வைப்பாய் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தபோது நான் வெட்கப்படவில்லை. ஊருக்கெல்லாம் கழிப்பறை கட்டச் சொல்லிச் சண்டை போட்ட மனிதருக்கு வேறு எதைக் கட்டுவது என்று கேட்டேன். அதே பெயருக்குக் கீழே இரண்டு வருடமாகப் பூட்டு தொங்குகிறது. பிள்ளைகள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குழந்தை படிப்பையே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

கொடுத்தவள் கோபித்துக்கொள்வாள் என்று எந்த வாயால் சொன்னாய்? பூட்டு என்று நான் உன்னிடம் சொன்னேனா? எழுதிக் கொடுத்தேனா? இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். உன் பதில் ஒன்றிலாவது கழிப்பறை என்ற வார்த்தை இருந்ததா? "கேட்ட விதம்" என்று எனக்குப் பாடம் நடத்தினாய். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உன் சோம்பேறித்தனத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் திமிர் பிடித்தவள் ஆக்கினாய். என்னை ராட்சசி ஆக்கினாய்.

பதில் எழுது. இந்தத் தடவை முழுசாக எழுது.

பரிபூரணம் சூசைமாணிக்கம்


ராஜபாளையம்
14.09.2024

அக்கா,

நீங்கள் என் உடம்பைப் பற்றிக் கேட்காவிட்டாலும் நான் உங்களுடையதைக் கேட்கிறேன். சாப்பிடுங்கள்.

முழுசாக எழுதச் சொன்னீர்கள்.

எழுதிக் கொடுத்தீர்கள். 2023 பிப்ரவரி பதினொன்றாம் தேதியிட்ட உங்கள் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்திருக்கிறேன். கட்டடம் திறந்த மூன்றாவது மாதம் நீங்கள் பார்க்க வந்தீர்கள். தரையில் செம்மண் கால் தடம் இருந்தது. ஒரு கதவில் யாரோ காம்பஸால் பெயர் கீறியிருந்தார்கள். ஒரு வாளி உடைந்திருந்தது. என்னிடம் ஒன்றும் பேசாமல் போய், வீட்டிலிருந்து எழுதினீர்கள்: "என் கணவர் பெயர் இருக்கும் இடத்தை மாட்டுத் தொழுவமாக்கியிருக்கிறாய். அடுத்த முறை ஒரு கறை கண்டாலும் ஆளைக் கூட்டி வந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவேன். அக்கா தங்கை என்ற உறவும் அதோடு முடிந்தது." நீங்கள் மறந்திருப்பீர்கள். எனக்கு மனப்பாடம்.

இந்தப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் துப்புரவுக்கு ஒரே ஆள், செல்லத்தாய். அவளுக்கு அறுபது வயது. ஆயிரத்து நூறு பிள்ளைகள் போகும் இடத்தை நீங்கள் கேட்ட மாதிரி வைத்திருக்க அவளால் முடியாது. அதனால் பூட்டினேன். நீங்கள் வரும் நாளில் விடியற்காலையில் திறந்து, பினாயில் ஊற்றி, அவளோடு நானும் தேய்ப்பேன். அதற்குப் பிறகு நான்கு தடவை வந்து பார்த்தீர்கள். நான்கு தடவையும், "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்றீர்கள். ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறை அப்படி இருந்தால் அதற்குள் யாரும் போவதில்லை என்று சானிட்டரி இன்ஸ்பெக்டர் பெண்டாட்டிக்குத் தெரியாதா? நீங்களே அதற்குள் ஒரு நாளாவது போனீர்களா? எங்கள் மடத்துக் குளியலறைக்குத்தானே வருவீர்கள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எண்பது ஆசிரியைகள் என் சொல்லைக் கேட்கிறார்கள். உங்கள் கையெழுத்து உள்ள கவரை இன்னும் எழுந்து நின்றுதான் பிரிக்கிறேன்.

என் தப்பை மறைக்கவில்லை. பூட்டியது என் கை. சாவி என் மேஜைக்குள்தான் இருந்தது. நான் யாருக்குப் பயப்படுகிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் பாட்டிலோடு வந்து நின்றதும் அந்த வெட்கமெல்லாம் ஆத்திரமாகிவிட்டது. அவள் முகத்தை இப்போது என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. தளவாய்புரத்துப் பிள்ளையின் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவைத் திறந்தார்கள், உட்காரச் சொல்லவில்லை. பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்களாம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பூட்டை எடுத்துவிட்டேன். கல்லைப் பெயர்ப்பதானால் வாருங்கள்.

ரஞ்சிதம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.09.2024

ரஞ்சிதம்,

உன் கடிதமும் என் கடிதமும் கிடைத்தன. என் கடிதம்தான் மோசம்.

அக்டோபர் ஏழாம் தேதி திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வருகிறேன். எனக்கு நாற்காலி போடாதே. பொன்னாடை கொண்டுவந்தால் கீழே போட்டுவிடுவேன். மூன்று நிமிடம் மைக்கை என்னிடம் கொடு. தேர்தல் தாளின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். பட்டை யாருக்குப் போக வேண்டும் என்பதில் உனக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

செல்லத்தாய்க்கு ஒத்தாசையாக இன்னும் இரண்டு ஆள் போடு. அதை உங்கள் கன்னியர் சபை செய்யாவிட்டால் பழைய மாணவியர் சங்கம் செய்யும். சங்கத்தில் யாராவது முகம் சுளித்தால் அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கல் இருக்கட்டும்.

அக்கா


சேத்தூர்
16.10.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி தேவலையா? அன்று மேடைப் படி இறங்கும்போது சிரமப்பட்டீர்கள்.

கல்லில் இருப்பது தங்கள் கணவர் பெயர் என்று தாங்கள் மைக்கில் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். "பூட்டுக்குக் காரணம் நான். கேட்டது நியாயம். எண்ணின ஓட்டு எண்ணினதுதான்" என்று சொல்லிவிட்டுக் கார்பன் தாளை சிஸ்டர் கையில் கொடுத்தீர்கள். அனுக்ரஹா யாரும் சொல்லாமலே பட்டையைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். "மூணு மாசமா கழுத்துல கல்லக் கட்டின மாதிரி இருந்துச்சுட்டி" என்றாள். இப்போது அவள் துணைத் தலைவி.

ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குக் கோபம் போகவில்லை. பாதி வருடம் முடிந்துவிட்டது. டிசம்பருக்குப் பிறகு எங்களுக்குப் பொதுத்தேர்வு வேலை வந்துவிடும். அன்று தாங்கள் எல்லாம் சொன்னீர்கள், மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. பெரியவர்கள் அப்படித்தான், அவிய வந்து நின்னதே பெரிசு என்று அம்மா சொல்கிறாள். என்னை மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னது யாருடைய யோசனை என்று எனக்கு இப்போது தெரியும்.

கட்டடம் திறந்திருக்கிறது. வகுப்புக்கு இரண்டு பேர் வீதம் முறை வைத்திருக்கிறோம். தண்ணீர் ஊற்றுகிறார்களா, குப்பையைக் கூடையில் போடுகிறார்களா என்று பார்க்க மட்டும்தான். கழுவுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது என்று சிஸ்டரிடம் எழுதி வாங்கிவிட்டேன். அப்படியும் மத்தியானத்துக்கு மேல் தரை ஈரமாகிவிடுகிறது. ஒரு கண்ணாடி உடைந்துவிட்டது. கதவில் கிறுக்குகிறார்கள். யார் என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தாங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். சொல்லாமல் வாருங்கள்.

இப்படிக்கு,
மு. பாண்டிசெல்வி
பள்ளித் தலைவி


ஸ்ரீவில்லிபுத்தூர்
07.11.2024

ரஞ்சிதம்,

உன் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்களாமே, பி.டி. டீச்சர் சொன்னாள். புது மாத்திரையால் தலை சுற்றுகிறதா என்று எழுது. எனக்குச் சர்க்கரை நூற்றெழுபது.

நேற்று உன் பள்ளிக்கு வந்தேன். நீ விருதுநகர் மீட்டிங்குக்குப் போயிருந்தாய், நல்லதாகப் போயிற்று. பாண்டிசெல்வியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் பாடவேளை முடிந்து வெளியே வந்தவளை நிறுத்திச் சொன்னேன். அவள் உடனே இளகிவிடவில்லை. "சரிங்கம்மா" என்றாள். அது போதும். என்ன சொன்னேன் என்று நீ கேட்க வேண்டாம்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம். என் சர்க்கரைக்கு அதற்கு மேல் அடக்கத் தாங்காது. மடத்துப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினேன். இடைவேளை மணி அடித்திருந்தது. கட்டடத்து வாசலில் வரிசை நின்றது, நானும் நின்றேன். பிள்ளைகள் முன்னால் போகச் சொல்லி இடம் விட்டார்கள். வரிசை என்றால் வரிசை என்று சொல்லிவிட்டேன். பதினொன்றாவது ஆள் நான். நிற்கும்போதே கணக்கெடுத்தேன். இரண்டாவது குழாய் ஒழுகுகிறது. ஐந்தாவது அறையில் வாளி இருக்கிறது, கப்பு இல்லை. தரை உன் செல்லத்தாய் தேய்க்கிற லட்சணத்தில் இல்லை. வாசல் பக்கத்துக் கதவில் கணக்கு வாத்தியாரம்மாவைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது, பாதி உண்மை. சத்தம் காது கிழிகிறது. ஒருத்தி இன்னொருத்தியின் ரிப்பனைப் பிடித்து இழுக்கிறாள், ஒருத்தி குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கிறாள். அவளைத் திட்ட வாயெடுத்தேன். பிறகு, குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் முறை வந்தது. கால் மடங்காது என்பதால் கடைசி அறைக்குப் போனேன், அங்கேதான் உட்காருகிற மாதிரிக் கோப்பை இருக்கிறது. தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை. மேலே ஏறுகிறது, நிற்காமல் விழுந்துவிடுகிறது. எழுபத்தொரு வயதில் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையை நீ பார்த்திருந்தால் உன் பயம் அன்றோடு தீர்ந்திருக்கும். வெளியே இருந்து ஒரு குரல் வந்தது. ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ, கதவுக்குக் கீழே தூசி படிந்த இரண்டு கறுப்பு ஷூ மட்டும் தெரிந்தது.

"ஆச்சி, நீங்க இருங்க. நான் பிடிச்சிக்கிடுதேன்."

இருந்தேன். வெளியே வந்து, தாழ்ப்பாள் எத்தனை நாளாக இப்படி என்று அவளைக் கேட்டேன். தெறந்ததுல இருந்தே அப்படித்தான் என்றாள். இத்தனை பேர் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றேன். இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் ஆச்சி ரெண்டு ரெண்டு பேரா வாரோம்" என்று சொல்லிவிட்டு, என்னைக் கதவைப் பிடிக்கச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பரிபூரணம்